மகப்பேறு மருத்துவரின் அறையில் தாம்பத்தியக் குறைகளைக் கேட்பதும் கையாள்வதும்

உறவின்போது வலி, விருப்பமின்மை, அச்சம் போன்ற குறைகளை வந்தவுடனே வாய்விட்டுச் சொல்லும் பெண்கள் குமரி மாவட்டத்தின் மகப்பேறு மருத்துவ அறைகளில் மிகச் சிலரே. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஓ.பி. ஆனாலும், மார்த்தாண்டத்தில் உள்ள ஒரு தனியார் கிளினிக் ஆனாலும், சீட்டில் எழுதப்படுவது பெரும்பாலும் வெள்ளைபடுதல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி, அல்லது குழந்தை தங்கவில்லை என்பதாகவே இருக்கும். ஆகவே நோயாளி சொல்லட்டும் என்று காத்திராமல் மருத்துவர் தாமே கேட்பதிலிருந்துதான் இந்தச் சிகிச்சை தொடங்குகிறது.

கேட்பதற்கு முன் அறையைச் சீர்செய்ய வேண்டும். மாமியாரோ, தாயோ, நாத்தனாரோ உடன் வராத பெண் இங்கே அரிது. அவர்களை மருத்துவர் முகத்துக்கு நேரே வெளியே போகச் சொன்னால், பிறகு வீட்டில் அந்தப் பெண்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எல்லா நோயாளிகளையும் ஐந்து நிமிடம் தனியாகப் பார்ப்பது இங்குள்ள வழக்கம் என்று செவிலியர் வாசலிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடம் எழாது. உடல் பரிசோதனையின்போது பெண் உதவியாளர் கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் பேச்சின்போது அவர் தள்ளி நிற்பதே நல்லது, ஏனெனில் அவர் நோயாளியின் ஊர்க்காரராகவோ, அதே கோவிலுக்கு வருபவராகவோ இருக்கக்கூடும். பரிசோதனை மேசையில் படுத்திருக்கும் பெண்ணிடம் இவற்றைக் கேட்கக் கூடாது. உடையணிந்து, எதிரே நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதுதான் கேட்க வேண்டும். திரைச்சீலை பார்வையை மறைக்குமே தவிரக் குரலை மறைக்காது என்பதையும் நினைவில் கொள்க.

'தாம்பத்தியம் எல்லாம் நல்லா இருக்கா?' என்று கேட்டால் 'ஆமா டாக்டர்' என்ற பதில்தான் கிடைக்கும். மாறாக, 'பிரசவத்துக்குப் பிறகு பலருக்கும் சேரும்போது வலி இருக்கும், உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?' என்று கேட்டால், தனக்கு மட்டும் நேர்ந்த கேடு அல்ல இது என்ற ஆறுதல் அந்தக் கேள்விக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. அமெரிக்க உளவியலர் ஜாக் ஆனன் 1976-இல் விளக்கிய நான்கு படி முறை இதற்குப் பொருந்தும்: பேச அனுமதி தருதல், தேவையான அளவு விவரம் சொல்லுதல், குறிப்பான யோசனை வழங்குதல், தீவிரச் சிகிச்சைக்கு அனுப்புதல். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு படிகளே போதும் என்பதுதான் அம்முறையின் அடிப்படை. ஓ.பி. நெரிசலிலும் அவ்விரண்டையும் செய்துவிடலாம். மற்றவற்றுக்குக் கூட்டம் குறைந்த வேறொரு நாளை அப்போதே குறித்துக் கொடுக்க வேண்டும்.

வலி என்றால் எங்கே என்று பிரித்துக் கேட்க வேண்டும். வாயிலிலேயே வலித்தால் வறட்சி, தொற்று, பிரசவத் தையலின் தழும்பு, தசை இறுக்கம் ஆகியவற்றையும், உள்ளே ஆழத்தில் வலித்தால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்தல்), இடுப்புக்குழி அழற்சி, சூலகக் கட்டி ஆகியவற்றையும் முதலில் எண்ண வேண்டும். பாலூட்டும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் வறட்சி ஏற்படுவது இயல்பு. அதற்கு நீர் சார்ந்த மசகுக் களிம்பு போதும். தேங்காய் எண்ணெய் எட்டிய கையில் கிடைக்கும் மாவட்டம் இது என்பதால், லேடெக்ஸ் ஆணுறையோடு எண்ணெய் சேர்ந்தால் ஆணுறை பலவீனமாகிக் கிழியக்கூடும் என்பதைக் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வறட்சியோடு சிறுநீர் எரிச்சலும் சேர்ந்து வந்தால், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பலன் தரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கலந்த பிறகே தர வேண்டும். 'இந்த வயதில் இதெல்லாம் எதற்கு' என்ற சொல் மருத்துவர் வாயிலிருந்து வரவே கூடாது.

விருப்பமின்மையைச் சொல்பவரிடம், அது அவருக்கே வருத்தம் தருகிறதா, கணவரின் குறைகூறலால் மட்டும் வந்தாரா என்று அறிவது அவசியம். மனச்சோர்வு மாத்திரைகள், தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், உறக்கமின்மை ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று எச்சரிப்பதும் முக்கியம்.

இம்மாவட்டத்துக்கே உரிய ஒரு நெருக்கடி உண்டு. கணவர் வளைகுடா நாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருகிறார், அல்லது தூத்தூர், சின்னத்துறைப் பகுதிகளிலிருந்து ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கழித்துத் திரும்புகிறார். அந்தச் சில நாட்களுக்குள் கருத்தரிக்க வேண்டும் என்று குடும்பமே எதிர்பார்க்கிறது. குழந்தையின்மை என்று வரும் இத்தம்பதியரில் சிலருக்கு உறவே முழுமையாக நடந்திருக்காது. அதைக் கேட்காமல் கருப்பை ஸ்கேனும் கருமுட்டை மாத்திரையும் எழுதுவது இருவர் காலத்தையும் பணத்தையும் வீணாக்கும். இதற்குக் காரணமாக இருக்கக்கூடிய யோனித் தசை இறுக்கம் அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதல்ல என்பதைக் கணவரையும் வைத்துக்கொண்டு விளக்க வேண்டும். யோனியை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்தை முதல் நாளே வற்புறுத்தக் கூடாது. 'நிறுத்துங்கள்' என்று அவர் சொன்னால் அக்கணமே நிறுத்தப்படும் என்று முன்கூட்டியே உறுதி தர வேண்டும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, யோனியைப் படிப்படியாகப் பழக்கும், சிறிதிலிருந்து பெரிதாகச் செல்லும் டைலேட்டர் குழல்கள், அதுவரை உட்புகுதலைத் தவிர்க்கும் உடன்பாடு ஆகியவையே வழி. இதற்கு வாரங்கள் முதல் மாதங்கள் ஆகலாம், விடுப்புக்குள் முடியாமலும் போகலாம் என்பதை மறைக்கக் கூடாது. ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்பது மருத்துவம் ஆகாது.

வெள்ளைபடுதல் எல்லாம் பால்வினைத் தொற்று அல்ல. பூஞ்சைத் தொற்றுக்கும் பாக்டீரியாச் சமநிலைக் குலைவுக்கும் வெளியூர்க் கணவர் மீது பழி விழாதபடி பேச வேண்டும். பால்வினைத் தொற்று உறுதியானால் இருவருக்கும் சிகிச்சை வேண்டும், எச்.ஐ.வி. சோதனைக்கு அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையம் உண்டு.

வற்புறுத்தலோ அடியோ தெரியவந்தால், 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் கொடுமையையும் உள்ளடக்குகிறது என்பதையும், 181 என்ற உதவி எண்ணையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிவிப்பது போக்சோ சட்டப்படி மருத்துவரின் கடமை. பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் யோனிக்குள் விரல்விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை எந்தக் காரணத்துக்காகவும் செய்யப்படக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2022-இல் அதை முறைகேடாகவே கருதும்படி தீர்ப்பளித்துள்ளது.

கடைசியாகக் குறிப்பெழுதும் முறை. நோயாளி வீட்டுக்கு எடுத்துச் செல்லும் நோட்டுப் புத்தகம் பல கைகளில் புரளும். அதில் மருந்தும் மறுவருகை நாளும் மட்டும் இருக்கட்டும். அவர் தனிமையில் சொன்னதை மருத்துவமனையில் இருக்கும் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க நேர்ந்தால் எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதை அவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.