'புயல்' என்று எழுதாதீர்கள், அது இடிமழை

எங்கள் அடுக்குமாடியின் கீழே வடை போடும் அக்கா ஒருவர் இருக்கிறார். மாலை ஐந்து மணிக்கு அடுப்பில் சட்டி ஏறினால் இரவு ஒன்பது வரை இறங்காது. கடந்த ஆண்டு ஒரு நாள், குடியிருப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் அனுப்பிய மழை எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, அரைத்து வைத்த மாவை அப்படியே மூடிவைத்துக் கடையைக் கட்டிவிட்டார். அன்று மாலை ஒரு சொட்டு விழவில்லை. பெய்ய வேண்டியதெல்லாம் பிற்பகலிலேயே பெய்து முடிந்திருந்தது. எச்சரிக்கை ஐந்து மணியோடு காலாவதியாகிவிட்டது; நான் ஐந்தரைக்கு அனுப்பினேன். எனக்கு வந்த படத்தின் அடிப்பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். நேரம் அந்த வரியில்தான் இருந்தது.

மறுநாள் படியிறங்கும்போது கேட்டார்: "தம்பி, நீங்கள் அனுப்பிய மழை எங்கே போயிற்று?"

மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியா எச்சரிக்கைகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது. பினாங்கில் தமிழ் மட்டுமே படிக்கும் முதியவர்களுக்கும், தமிழ்நாட்டிலிருந்து உணவகங்களில் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், என்னைப் போல் யாராவது அவசரமாகத் தமிழாக்கி அனுப்பினால்தான் அது போய்ச் சேரும். அந்த அவசரத்தில் நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பாதிக்கு மேல் நானே செய்தவை.

நேரத்தை விடுவதுதான் முதல் தவறு. இடிமழை எச்சரிக்கை என்பது காலையில் வாங்கிய மீன் மாதிரி. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டக்கூடிய இடிமேகம் நெருங்கிவிட்டது, அல்லது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிந்தால் துறை அதை வெளியிடும். ஒவ்வொரு முறையும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. இரண்டு மணி நேரம் மட்டும் செல்லுபடியாகும் எச்சரிக்கைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை நாலு குழு தாண்டி மறுநாள் காலையில் பெறுகிறவருக்கு அதனால் என்ன பயன்? படத்தை வெட்டாமல் அனுப்புங்கள். அதற்கு மேலே உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: இன்று, எத்தனை மணி வரை. 'இன்று' என்பதற்குப் பக்கத்தில் தேதியையும் போடுங்கள். நேற்றைய 'இன்று' எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறது.

அடுத்தது சொல். மலாயில் 'ரிபுட்' என்றால் புயல் என்று பள்ளியில் படித்தோம். அதனால் 'ரிபுட் பெத்திர்' வந்தவுடன் கை தானாகவே 'இடிப்புயல்' என்று தட்டிவிடுகிறது. இடியைக் குறிக்கும் பெத்திரை விட்டுவிட்டு 'புயல் எச்சரிக்கை' என்றே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழ் காதுக்குப் புயல் என்பது வேறு. எங்கள் பாட்டிக்குப் புயல் என்றால் நாகப்பட்டினம். கூரை பறந்தது, தென்னை சாய்ந்தது, ஊரே இருளில் கிடந்தது. இங்கே பினாங்கின் ஜெலுத்தோங்கில் பிற்பகல் மூன்று மணிக்கு அரை மணி நேரம் இடி இடித்து ஓய்வதற்கு அந்தச் சொல்லைப் போட்டால் முதல் முறை பயப்படுவார், மூன்றாம் முறை சிரிப்பார்.

சிரிக்கப் பழகிவிட்டோம் என்பதுதான் என் கவலை. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் நம் நாட்டுக்கு உண்மையான புயல் வருவது அபூர்வம். 1996 டிசம்பரில் கிரெக் சபாவைத் தாக்கியது. 2001 டிசம்பரில் வாமெய் ஜொகூரில் கரை ஏறியது. இவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையில் சென்யார் உருவாகி, சுமத்திராவைப் புரட்டிப்போட்டுவிட்டுத் தீபகற்பத்தின் மேற்குக் கரைப் பக்கமும் திரும்பியது. புயல் என்ற சொல்லுக்கு வேலை வந்த நாள் அது. ஆனால் அதற்குள் அந்தச் சொல்லை நாமே தினமும் அனுப்பித் தேய்த்து வைத்திருந்தோம். 'இடிமழை' என்று எழுதுங்கள். காற்றும் பலமாக இருக்குமென்றால் 'பலத்த காற்றுடன் இடிமழை'. அது போதும்.

இடப்பெயரில் நடக்கும் கூத்து பினாங்குக்கே உரியது. தீவில் இரண்டு மாவட்டங்கள்: தீமோர் லாவுட், பாராட் டாயா. இவை மலாயில் வடகிழக்கு, தென்மேற்கு என்ற திசைச் சொற்களும்கூட. எச்சரிக்கையில் 'பினாங்கு: தீமோர் லாவுட்' என்றிருப்பதை நண்பர் ஒருவர் 'பினாங்கில் வடகிழக்குப் பகுதியில் மழை' என்று தமிழாக்கினார். வடகிழக்கு எது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆயர் ஈத்தாமில் இருக்கும் மாமா, "நாங்கள் மலையடிவாரம், வடகிழக்கு கடல் பக்கம்தானே" என்று நிம்மதியாகத் துணி காயப்போட்டார். ஆயர் ஈத்தாமும் தீமோர் லாவுட்தான். இன்னொருவர் அதை வடகிழக்குப் பருவமழை என்று எடுத்துக்கொண்டு, மார்ச் வரை இப்படித்தான் இருக்கும் என்று விளக்கமே எழுதினார். பருவமழைக்கும் மலாயில் அதே சொல்தான்.

மாவட்டப் பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம். ஊர்களின் பெயரை எழுதுங்கள். தீமோர் லாவுட் என்றால் ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம், குளுகோர், தஞ்சோங் பூங்கா. பாராட் டாயா என்றால் பாலிக் பூலாவ், பாயான் லெப்பாஸ், பாயான் பாரு, தெலுக் பஹாங். பெருநிலத்தில் செபராங் பிறை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்று. பட்டர்வொர்த் வடக்கில் வரும், புக்கிட் மெர்தாஜாம் மத்தியில், நிபோங் திபால் தெற்கில். இதை ஒரு முறை எழுதிச் சேமித்து வைத்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

நிறமும் நிலையும் இன்னும் பெரிய சிக்கல். இதில் குற்றம் நம்முடையது மட்டும் அல்ல. தொடர்மழைக்கு மெட்மலேசியா வைத்திருக்கும் நிலைகள் மூன்று: மஞ்சளில் 'வஸ்பாடா' (விழிப்பு), ஆரஞ்சில் 'புரூக்' (மோசம்), சிவப்பில் 'பஹாயா' (அபாயம்). ஆற்று நீர்மட்டத்தைச் சொல்லும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் அளவுகோல் வேறு: 'நோர்மல்' (இயல்பு), 'வஸ்பாடா', 'அமாரான்' (எச்சரிக்கை), 'பஹாயா'. இரண்டிலும் வஸ்பாடா இருக்கிறது, இரண்டிலும் பஹாயா இருக்கிறது. ஒன்று வானத்தைப் பற்றியது, மற்றது ஆற்றைப் பற்றியது. போதாக்குறைக்கு, 'அமாரான்' என்பது எல்லா எச்சரிக்கைக்கும் பொதுப்பெயர். ஆற்று அளவுகோலிலோ அது பஹாயாவுக்கு முந்தைய படி. தமிழில் நாம் வஸ்பாடாவையும் எச்சரிக்கை என்கிறோம், அமாரானையும் எச்சரிக்கை என்கிறோம். படிக்கிறவருக்கு ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரியாமலே போகிறது.

நான் இப்போது வஸ்பாடாவுக்கு 'விழிப்பாக இருங்கள்' என்றும், ஆற்றின் அமாரானுக்கு 'ஆறு அபாய மட்டத்தை நெருங்குகிறது' என்றும், பஹாயாவுக்கு 'அபாயம்' என்றும் எழுதுகிறேன். 'மழை' அல்லது 'ஆறு' என்ற சொல்லை முதலில் போட்டுவிடுகிறேன். ஒரு வரி கூடுகிறது, பரவாயில்லை.

மீனவர்களுக்கான கடல் எச்சரிக்கையில் இதற்கு நேர் எதிரான வம்பு. அங்கே முதல் வகைதான் லேசானது: மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை. மூன்றாம் வகைதான் மோசமானது. அந்த லேசான முதல் வகையைத் தமிழில் 'முதல் தர எச்சரிக்கை' என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். முதல் தரம் என்றால் நமக்கு அரிசியும் பருப்பும் நினைவுக்கு வரும். ஆக உயர்ந்தது என்றுதான் தோன்றும்.

மில்லிமீட்டர் கணக்கை அப்படியே அனுப்புவதிலும் பயனில்லை. 20 மில்லிமீட்டர் என்றால் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஒரு சதுர மீட்டரில் 20 லிட்டர் என்று சொல்லிப் பாருங்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 1,850 லிட்டர். அத்தனையும் உங்கள் வீட்டு முன்னால் இருக்கும் ஒரே சாக்கடைக்குப் போகிறது. அதில் பக்கத்து வீட்டுக்காரரின் பிளாஸ்டிக் பை ஏற்கெனவே குடியிருக்கிறது.

ஆனால் வானிலையைச் சொல்லிவிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நினைக்கிறேன். 'பொதுமக்கள் கவனமாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' இந்த வாக்கியத்தைப் படித்து ஒருவர்கூட எழுந்து எதையும் செய்ததில்லை. சுங்கை பினாங்கு ஆற்றங்கரையில், ஜாலான் பி. ரம்லி பக்கம் இருப்பவர்களுக்கு மழையளவு மட்டும் தெரிந்தால் போதாது. கடல் பொங்கும் நேரமும் தெரிய வேண்டும். கடல் ஏறி நிற்கும்போது ஆற்று நீர் வடிய வழியில்லை; அதே மழை, வற்று நேரத்தில் சாலை நனைந்ததோடு போய்விடும். ஆகவே அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் அன்றைய உயர் அலை நேரத்தையும் சேர்ப்பது நல்லது.

2017 நவம்பர் 4 இரவை இங்கே யாரும் மறக்கவில்லை. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. இரவோடு இரவாகக் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. மாநிலத்தில் ஏழு பேர் இறந்தார்கள், அதிகாலையில் மாநில அரசு ராணுவ உதவி கேட்க வேண்டியதாயிற்று. மழை வரும் என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பரில் எந்த நாள் மழை இல்லை? காரை எப்போது மேட்டுக்கு எடுப்பது, கட்டிலில் கிடக்கும் தாத்தாவை எப்போது மாடிக்குத் தூக்குவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கியபோது கோலாலம்பூர் உறவினர்களிடமிருந்து நான் கேட்டதும் இதே புலம்பல்தான்.

இப்போது நான் அனுப்பும் செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'மழை. ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம். இன்று 14ஆம் தேதி, மாலை 6 மணி வரை பலத்த இடிமழை. கீழ்த்தளத்தில் இருக்கும் கார், மோட்டார் சைக்கிளை இப்போதே மேலே எடுங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள். தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஆபத்து என்றால் 999.' அதோடு சரி. வணக்கமும் கும்பிடும் கைப்படமும் இல்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு சிறு குறிப்பு. இணையத்தில் தமிழில் 'வானிலை' என்று தேடினால் முதலில் வருவது சென்னைதான். அங்கே ரெட் அலர்ட் என்று பார்த்துவிட்டு இங்கே கடையை மூடலாமா என்று கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். நிறங்கள் ஒன்றானாலும் அளவுகோல் வேறு, வானமும் வேறு. மெட்மலேசியாவின் மைசுவாச்சா செயலியைக் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன்; மலாய் தெரியாவிட்டாலும் நிறமும் நேரமும் புரிகிறது என்றான்.

எச்சரிக்கை முடிந்ததைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான். கொஞ்ச நாள், நேரம் கடந்ததும் என் பழைய செய்தியைக் குழுவிலிருந்து நீக்கிக்கொண்டிருந்தேன். வடை அக்கா கோபித்துக்கொண்டார். எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வந்து படிக்கலாம் என்று பார்த்தால் செய்தியைக் காணவில்லையாம், பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பயந்துவிட்டாராம். அதிலிருந்து நீக்குவதில்லை. அந்தச் செய்திக்குக் கீழேயே 'முடிந்தது, 6.05' என்று பதில் போட்டுவிடுகிறேன்.