அம்மைக்க போன்ல பைசாவுக்கு பூட்டு போடுறது எப்படி?

லீவு முடிஞ்சு கல்ஃபுக்கு திரும்புறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மீன்கறியும் சோறும் தின்னுட்டு அம்மைக்க போன வாங்கி வச்சு ஒரு மணிக்கூர்ல செஞ்ச வேலை இது. நீங்களும் ஒவ்வொண்ணா செய்யலாம் மக்களே, கம்ப்யூட்டர் படிச்சிருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

முதல்ல கணக்க ரெண்டா பிரிங்க. நாம அனுப்புற பைசாவும் ரப்பர் ஷீட் வித்த பைசாவும் கெடக்குற கணக்கு ஜிபேல இருக்கவே கூடாது. வேற ஒரு சின்ன கணக்க மட்டும் சேத்து அதுல ரெண்டாயிரமோ மூவாயிரமோ போட்டு வைங்க, மீன்காரருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அது போதும். மீதி எல்லாத்தையும் விட எனக்கு இதுதான் பெருசா படுது, ஏன்னா ஜிபேல என்ன ஏமாந்தாலும் போறது அந்த சின்ன கணக்குல கெடக்குற பைசாதான்.

அடுத்தது பின் நம்பர். திங்கள்சந்தை பக்கம் எங்க மாமி பழைய கட்டில விக்கப் போட்டாங்க, ஒருத்தன் மிலிட்டரியில இருக்கேன்னு சொல்லி கூப்பிட்டு, வெலைகூட பேசல கேட்டியளா, முதல்ல 1 ரூபா அனுப்பி நம்ப வச்சான், பொறவு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பைசா ஏறிரும்"னான், மாமியும் போட்டாங்க, 8,000 ரூபா போச்சு, கட்டில் இன்னும் திண்ணையிலதான் கெடக்குது. யுபிஐ பின் பைசா போறதுக்கும் பேலன்ஸ் பாக்கதுக்கும்தான், வாறதுக்கு பின்னும் வேண்டாம் ஸ்கேனும் வேண்டாம். அம்மைகிட்ட இத மட்டும் பத்து தடவ சொல்ல வைங்க.

மூணாவது, செட்டிங்ஸ்ல போயி "இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்"னு தேடி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் ஆஃப் பண்ணுங்க. கல்யாண லெட்டர், டிராஃபிக் ஃபைன், கேஒய்சின்னு ஏதாவது பேர வச்சு ஏபிகே ஃபைல் (போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வரும், தொட்டு இன்ஸ்டால் பண்ணினா நமக்க எஸ்எம்எஸ் எல்லாம் அத அனுப்பின கள்ளனுக்கு போவும், ஓடிபியும் அதோட சேந்து போவும். கல்யாண லெட்டர் போட்டோவாவோ பிடிஎஃப்பாவோதான் வரும், அதுக்கு எதுக்கு ஆப்பு?

##002# டயல் பண்ணினா யாராவது கால் ஃபார்வர்ட், அதாவது நமக்கு வாற கால வேற நம்பருக்கு திருப்பி விடுறது, போட்டு வச்சிருந்தா எல்லாம் கேன்சல் ஆயிரும். வீடியோ கால்ல காக்கி சட்டை போட்டுட்டு "டிஜிட்டல் அரெஸ்ட்"னா கட் பண்ணிருங்க, நம்ம சட்டத்துல அப்படி ஒரு அரெஸ்டே கெடையாது.

இவ்வளவு பண்ணியும் பைசா போச்சுன்னா, யாரு திட்டுவாங்கன்னு யோசிச்சுட்டு இருக்காம உடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, பைசா அடுத்த கணக்குக்கு தாவுறதுக்கு முந்தி நிறுத்தப் பாப்பாங்க. யுபிஐ மெசேஜ்ல இருக்க 12 இலக்க ரெஃபரன்ஸ் நம்பர எடுத்து கையில வச்சுக்கிடுங்க. பேங்குக்கும் அன்னைக்கே சொல்லிருங்க. ரிசர்வ் பேங்கு 2017ல கொண்டு வந்த விதிப்படி நம்ம தப்போ பேங்குக்க தப்போ இல்லாம வெளிய எவனாவது எடுத்திருந்தா, பேங்குல இருந்து மெசேஜ் வந்ததுல இருந்து 3 வேலை நாளுக்குள்ள சொன்னா நமக்கு நஷ்டம் இல்ல. நாமளே ஓடிபி சொல்லிக் குடுத்திருந்தா சொல்றதுக்கு முந்தி போனது நம்ம தலையில, சொன்னதுக்கு பொறவு போறது பேங்குக்க தலையில. அதனால நேர்ல போனா எழுதிக் குடுத்து, நேரம் போட்டு சீல் வச்ச காப்பி ஒண்ணு வாங்காம எந்திரிக்காதீங்க.