மினி டிராக்டர் முன் டயர் பஞ்சர்: என் அனுபவம்

சீமைக்கருவேல முள் கிடக்கும் காட்டில் முன் டயர்தான் முதலில் அடி வாங்கும். புது டியூப் போட்டும் மறுநாளே காற்று இறங்கினால், ஒடிந்த முள்நுனி பெரும்பாலும் டயருக்குள்ளேயே இருக்கும். வெளியே தெரியாது. பழைய பனியன் துணியால் உள்பக்கம் சுற்றித் துடையுங்கள். நூல் மாட்டும் இடத்தில் குறடால் பிடுங்குங்கள். வெறுங்கையால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.

பழைய டியூபை நீளவாக்கில் அறுத்து உள்ளே பட்டையாக விரித்து, பவுடர் தூவி புது டியூபை வைத்தேன். வால்வு பின்னைக் கழற்றி அரை லிட்டர் சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்) ஊற்றி, பின்னை மறுபடி மாட்டி, காற்றடித்ததும் மெதுவாக ஓட்டினால் உள்ளே பரவும். முள் குத்துக்குச் சரி. பக்கச்சுவர் கிழிசலுக்கு உதவாது. காற்று குறைந்தால் ரிம்மில் டயர் நழுவி வால்வுக் கழுத்து அறுந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை கேஜ் வைத்துக் காற்றழுத்தம் பார்க்கிறேன்.