ஸ்டெரொய்டு எடுக்கும் பிள்ளை: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகமும் காலும் வீங்கும் நெஃப்ரோட்டிக் நோய்க்காகவோ கடும் ஆஸ்துமாவுக்காகவோ பல வாரங்கள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்டுக் குளிசை எடுக்கும் பிள்ளைகள் மலையகத் தோட்டங்களிலும் உண்டு. இவர்களுக்கு நேரும் பெரிய ஆபத்து, "வீக்கம் வத்திருச்சே, இனி என்னத்துக்கு மருந்து" என்று பெற்றோரே குளிசையை நிறுத்திவிடுவதுதான். வெளியிலிருந்து ஸ்டெரொய்டு கிடைத்துக்கொண்டிருக்கும்போது, சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகள், உடலின் சொந்த ஸ்டெரொய்டான கோர்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் எடுத்த பிள்ளைக்குத் திடீரென மருந்தை நிறுத்தினால், மருந்தும் இல்லாமல், சொந்தக் கோர்ட்டிசோலும் இல்லாமல் உடல் தத்தளிக்கும். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பது இதனால்தான். ஒரு நாள் சம்பளம் போய்விடுமென்று கிளினிக் தவணையைத் தள்ளிப்போட்டு, இடையில் குளிசை தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தமே. இதற்குப் பெற்றோரை மட்டும் குறைசொல்ல முடியாதென்றாலும், உடலுக்கு அந்த நியாயம் தெரியாது.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆரோக்கியமான உடல் கோர்ட்டிசோலைத் தானே கூட்டிக்கொள்ளும், இப்பிள்ளைகளின் உடலால் அது இயலாது. ஏற்கனவே உயர்ந்த அளவில் எடுப்பவருக்குக் காய்ச்சலுக்காக மேலதிக ஸ்டெரொய்டு தேவைப்படாமல் போகலாம். குறைந்த அளவுக்கு வந்துவிட்ட பிள்ளைக்கே பெரும்பாலும் அது தேவை. எனவே எவ்வளவு, எத்தனை நாள் என்பதை முன்கூட்டியே கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கி, பிள்ளைக்காம்பராவில் இருப்பவருக்கும் வீட்டிலுள்ள அம்மாயிக்கும் காட்டிவைக்க வேண்டும்.

சாயத்தண்ணியும் பெனடோலும் கொடுத்துவிட்டு விடியட்டும் எனக் காத்திருப்பது எல்லாவற்றிலும் மோசமானது. குளிசை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் மீண்டும் கொடுக்கலாம். அதையும் வாந்தியெடுத்தால், அல்லது பிள்ளை சோர்ந்து கிடந்தால், கை கால் சில்லிட்டால், வலிப்பு வந்தால், இரத்தச் சீனியும் இரத்த அழுத்தமும் இறங்குகின்றன என்று கொண்டு உடனே 1990 அம்பியுலன்ஸை அழைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற ஸ்டெரொய்டு ஊசி தாமதமின்றிக் கிடைக்க, ஸ்டெரொய்டு எடுக்கும் பிள்ளை என்பதை முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்.

மருந்து முழுதாக நின்ற பின்பும் சுரப்பிகள் மீள 6 முதல் 12 மாதங்கள்வரை ஆகலாம் என்பதால், அந்தக் காலத்தில் பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் பழைய கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.