வெந்நீரும் சோப்பும் போதும்: கம்பளி நூலில் ஒரு பிரேஸ்லெட்

கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்து, குழந்தைச் சட்டை அளவுக்குச் சுருங்கிப்போய்த் திட்டு வாங்கியவர்கள் இருப்பீர்கள். அந்தத் தப்பை இன்று வேண்டுமென்றே செய்யப் போகிறோம். ஆட்டு ரோமத்தின் ஒவ்வொரு இழை மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் சேர்த்துத் தேய்த்தால் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று நகர்ந்து, செதில்கள் மாட்டிக்கொண்டு, பின்வாங்க வழியில்லாமல் இறுகிவிடும். இப்படி இறுகியதைத்தான் ஃபெல்ட் என்கிறோம். கத்தரித்தாலும் நூல் பிரியாது.

செய்யப்போவது, பின்னிச் சுருக்கிய ஒரு கயிறு. அதன் முனையில் பொத்தான்போல ஒரு கம்பளி மணி.

பாதி வெற்றி நூலில்தான் இருக்கிறது. அக்ரிலிக் சுருங்கவே சுருங்காது. 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருக்கும் நூல் அசல் கம்பளிதான், ஆனால் மெஷினில் துவைக்க வசதியாக அதன் செதில்களை மழுக்கியோ பூச்சால் மூடியோ விட்டிருப்பார்கள். லேபிளைப் படிக்காமல் அதை வாங்கி, ஒரு மணி நேரம் உருட்டியிருக்கிறேன். கிடைத்தது நன்றாகக் குளித்த கயிறு, அவ்வளவுதான்! லேபிள் இல்லாத நூலா? ஒரு துண்டின் முறுக்கைப் பிரித்து, ஈரக் கையில் வைத்து இரண்டு நிமிடம் வேகமாகத் தேயுங்கள். ஒட்டிக்கொண்டு உருண்டையானால் சரி. பிசிறு பிசிறாகப் பிரிந்தே கிடந்தால் வேறு நூல் பாருங்கள்.

இப்போது பின்னல். இரண்டு பக்கமும் கூர்முனை உள்ள 6 மி.மீ. ஊசிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் 4 கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், ஏற்றுங்கள். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, நூலை அதன் மேல் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே வெளியே இழுத்து, பழைய கண்ணியை நழுவ விடுங்கள். நான்கையும் இப்படிப் பின்னியதும், வழக்கம்போல ஊசியைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. கண்ணிகளை அப்படியே ஊசியின் வலது முனைக்குத் தள்ளி, இடது ஓரத்தில் நிற்கும் நூலைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து மறுபடி முதல் கண்ணியிலிருந்து பின்னுங்கள். நாலைந்து வரிசையில் பட்டை தானாகவே குழாயாகச் சுருண்டுவிடும். தொளதொளவென்று பின்னுங்கள், இழைகள் நகர இடம் வேண்டும்.

எவ்வளவு நீளம்? முதலில் 10 செ.மீ. மட்டும் பின்னி, கீழே சொல்கிறபடி சுருக்கி அளந்து பாருங்கள். அது 7 செ.மீ. ஆனால், 21 செ.மீ. கயிறு கிடைக்க 30 செ.மீ. பின்ன வேண்டும். மணிக்கட்டு 16 செ.மீ. இருப்பவருக்கு, மணியை மாட்டும் காது (வளையம்) மடிக்கவும் சேர்த்து 21 சரியாக வரும்.

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. கயிற்றை நனைத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். ஆறினால் வெந்நீர் மாற்றுங்கள். பின்னல் கண்ணிகள் மறைந்து கயிறு விறைப்பாகும்வரை உருட்ட வேண்டும். கால் மணி நேரமாவது ஆகும். பிறகு நன்றாக அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, நேராக நீட்டி உலர விடுங்கள்.

மணிக்கு வருவோம். இதற்கு நூல் வேண்டாம், நூற்காத கம்பளி வேண்டும். கத்தரிக்காமல், இரண்டு கைகளையும் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெதுவாக இழுத்தால் மெல்லிய கற்றை பிரிந்து வரும். அதை உருண்டையாகச் சுற்றி, மேலே குறுக்கும் நெடுக்குமாக இன்னும் இரண்டு மெல்லிய கற்றை சுற்றுங்கள். சோப்பு நீரில் தோய்த்து உருட்டலாம்.

இங்கேதான் எல்லாருக்கும் கை பரபரக்கும். ஆரம்பத்திலேயே அழுத்தினால் மேற்பரப்பில் மடிப்பு விழும். அந்த மடிப்பு ஒட்டாமல் அப்படியே வெடிப்பாக நின்றுவிடும். முதல் சில நிமிடங்கள் கையில் ஒன்றுமே இல்லாததுபோல உருட்டுங்கள். மேலே தோல்போலப் படிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டலாம். அப்படியும் வெடித்துவிட்டதா? இறுகி முடிவதற்குள் மெல்லிய கற்றை ஒன்றை மேலே சுற்றி, மறுபடி மெதுவாக ஆரம்பியுங்கள். மேசையில் போட்டால் துள்ளுகிற அளவுக்கு இறுகினால் போதும். அலசிக் காய வையுங்கள். நடுப்பகுதி உலர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

கயிற்றின் ஒரு முனையை மடித்து, மணி நுழையும் அளவுக்குக் காது வைத்துத் தையுங்கள். மறுமுனையில் மணி. ஊசி உள்ளே சிக்கிக்கொண்டால் விரலோடு மல்லுக்கட்டாமல், இடுக்கியால் பிடித்து இழுங்கள். காது கொஞ்சம் இறுக்கமாகவே இருக்கட்டும், நாலு முறை போட்டுக் கழற்றினால் தளர்ந்துவிடும்.