‘சில்மிஷம்’ என்று எழுதாதீர்கள்: பிறரை இரையாக்குபவர்களைக் குறிக்கும் சொற்களில் நாம் செய்யும் தவறுகள்

அட்டை, கழுகு, ஓநாய், எத்தன், கயவன், துரோகி. அடுத்தவரை இரையாக்கிப் பிழைக்கிறவர்களைத் திட்டத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் வசைதானே என்று கைக்கு வந்ததை எடுத்துப் போட்டுவிடுகிறோம், ஆனால் அந்த ஆள் எப்படி இரை பிடிக்கிறான் என்ற விவரம் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் இருக்கிறது. அதைக் கவனிக்காவிட்டால் நடந்தது ஒன்று, படிப்பவருக்குப் புரிவது வேறொன்று.

முன்பின் தெரியாத ஒருவன் போனில் பேசி ஓடிபி வாங்கிப் பணத்தைச் சுருட்டினால் அவன் மோசடிக்காரன், எத்தன். துரோகி அல்ல. துரோகத்துக்கு முன்னால் ஒரு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கூட்டாளியை ஏமாற்றினால்தான் அந்தச் சொல் பொருந்தும். அதேபோல, மிரட்டிப் பறிக்கிறவன் நயவஞ்சகன் ஆகமாட்டான், ஏனென்றால் அங்கே நயமே இல்லை.

விலங்குகளிடம் போனால் குழப்பம் இன்னும் கூடும். அட்டை கடிப்பது கடிக்கும்போது தெரியாது, அதன் உமிழ்நீர் ரத்தத்தை உறையவிடாது, வயிறு நிறைந்ததும் தானே உதிர்ந்துவிடும், அதற்குப் பிறகும் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். ஆகவே வலி தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுகிறவனுக்கு அது சரியான உவமை. பிணந்தின்னிக் கழுகு அப்படியல்ல. அது செத்ததைத் தின்னும், பொதுவாக வேட்டையாடுவதில்லை. ஒரு குடும்பம் நொடித்துப்போனதும் வந்து வீட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவனுக்கு அந்தப் பெயர் பொருந்தும், அந்தக் குடும்பத்தை நொடிக்க வைத்தவனுக்குப் பொருந்தாது. வீட்டை விலைக்குக் கேட்டு வருகிறவனை ‘வல்லூறு’ என்று எழுதுவதும் பிழைதான், வல்லூறு உயிருள்ள இரையைப் பாய்ந்து பிடிக்கிற பறவை.

‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்பதை வள்ளுவர் சொன்னதாக எழுதுகிறவர்களும் உண்டு. கூடாவொழுக்கம் அதிகாரத்தில் அவர் சொன்னது நேர் எதிர்: புலித்தோல் போர்த்திக்கொண்டு பயிரை மேய்கிற பசு (273). அடுத்த குறளில்தான் நமக்கு வேண்டிய ஆள் வருகிறான், தவக்கோலத்தில் மறைந்து தீமை செய்கிறவன், புதருக்குப் பின்னால் ஒளிந்து பறவை பிடிக்கிற வேடனைப் போல (274). சாமியார் வேடத்தில் ஏமாற்றுகிறவர்களைப் பற்றி எழுத இதைவிடக் கூர்மையான படம் எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் திருத்திக்கொள்ளக் கூடிய சின்னத் தவறுகள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது செய்தித் தலைப்புகளைப் பார்க்கும்போதுதான். பல பெண்களை ஏமாற்றித் திருமணம் செய்து நகையோடு ஓடியவன் ‘கல்யாண மன்னன்’. கோடிக்கணக்கில் சுருட்டியவன் ‘பலே கில்லாடி’. மாணவியிடம் அத்துமீறிய ஆசிரியர் செய்தது ‘சில்மிஷம்’. சில்மிஷம் என்பது குறும்புக்கான சொல், பக்கத்து வீட்டுப் பையன் செருப்பை ஒளித்துவைத்தால் சொல்லலாம். ஒரு சிறுமிக்கு நடந்ததை அந்தச் சொல்லால் எழுதினால், அதைப் படிக்கிற அவளுக்கு நாம் என்ன சொல்கிறோம்? பாலியல் அத்துமீறல், பாலியல் வன்முறை என்று நேராகவே எழுதலாமே.

இதன் மறுபக்கம் ‘மிருகம்’, ‘காமக்கொடூரன்’. கோபம் புரிகிறது, நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் குழந்தைகளிடம் அத்துமீறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், உறவினர், குடும்ப நண்பர், நல்லவர் என்று பெயரெடுத்தவர். கொடூரனை எதிர்பார்த்துக் காத்திருக்கிற பெற்றோர் கண்ணுக்கு, பாசமாகப் பேசி மிட்டாய் வாங்கித் தருகிற மாமா படுவதேயில்லை. இந்த இடத்தில் உவமையை விட்டுவிட்டு அந்த ஆள் என்ன செய்தான் என்று எழுதுவதுதான் பயன் தரும்: தனியாக அழைத்தான், ‘அம்மாகிட்ட சொல்லாதே’ என்றான்.

ஒரு சமூகத்தின் பெயரையோ தொழிலையோ வசையாக்கும் பழைய சொற்களை அறவே தொடாதீர்கள்.

அப்புறம், ‘ஏமாளி’. பணத்தை இழந்தவரைப் பற்றி ‘ஏமாந்தார்’ என்று எழுதினால் எழுவாய் அவர்தான், தவறும் அவர் தலையில் விழுகிறது, ஏமாற்றியவன் வாக்கியத்திலேயே இல்லை. ‘அவரை ஏமாற்றினார்கள்’ என்று மாற்றிப் பாருங்கள், செய்தவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.