பாழடைந்த பழைய வீடு: இடிப்பதா, காப்பதா என்று முடிவெடுப்பதில் நேரும் தவறுகள்

பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பழமையான வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது உதிர்ந்த பூச்சும், தொங்கும் கூரையும், வௌவால் எச்சமும்தான். அந்த ஒரே பார்வையில் ‘இனி இது தேறாது’ என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. பாழடைந்த தோற்றம் வேறு, கட்டுமானச் சேதம் வேறு. பூச்சு உதிர்ந்த சுவர் உறுதியாக நிற்கலாம். புதுச் சாயம் பூசிய சுவருக்குள் உத்தரம் உளுத்துப் போயிருக்கலாம்.

விரிசலைக் கண்டு அஞ்சுவதும் இத்தகையதே. விரிசல் இருக்கிறதா என்பதைவிட, அது இன்னும் விரிகிறதா என்பதே முக்கியம். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் அழுந்த ஒட்டி, அதன்மேல் தேதியை எழுதி வைப்பது பழைய முறை. சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஈரக் காலத்திலும் வறண்ட காலத்திலும் மண் விரிந்து சுருங்குவதால், ஓராண்டாவது கவனித்த பிறகே அஸ்திவாரம் இறங்குகிறது என்றோ, பழைய விரிசல் அடங்கிவிட்டது என்றோ சொல்ல முடியும். மர உத்தரத்தைத் திருப்புளி முனையால் குத்திப் பார்த்தால், சுவருக்குள் புதைந்து ஈரம் பட்ட நுனி மட்டும் பஞ்சு போல் உள்வாங்குவதும், நடுப்பகுதி கல் போல் நிற்பதும் அடிக்கடி காணக்கூடியது. அந்த நுனியை அறுத்துவிட்டுப் புது மரம் இணைத்தால் போதுமான இடத்தில், மொத்தக் கூரையையும் பிரிக்கச் சொல்லுகிற ஆலோசனைகள் உண்டு. சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களில் பழகாத பொறியாளரிடம் மட்டும் கேட்பதன் விளைவு இது.

பழைய வீட்டின் பெரும்பகை வயதன்று, நீர். ஆகவே நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டறியாமல் செலவுக் கணக்கு போடுவது வீண். உடைந்த ஓடு, அடைத்த வடிகால், சுவரோரம் உயர்ந்துவிட்ட தரைமட்டம் ஆகியவற்றைச் சரிசெய்தாலே சேதம் பெருமளவு நின்றுவிடக்கூடும். இதற்கு மாறாக, ஈரச் சுவரைச் சிமென்ட் பூச்சால் மூடுகிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்து, உப்புப் பூத்துச் செங்கல்லை அரிக்க வைக்கும். காப்பாற்றும் எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகளுள் இதைவிடக் கொடியதை நான் அறியேன்.

கணக்கிலும் ஒரு சாய்வு இருக்கிறது. பழுதுபார்ப்புச் செலவை முழுவதுமாகப் பட்டியலிடுகிறவர்கள், இடிபாட்டை அகற்றுதல், ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அதைப் பாதுகாப்பாக நீக்குதல், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரைத் தாங்குதல் ஆகியவற்றை மறுபக்கத்தில் எழுத மறந்துவிடுகிறார்கள். இன்றைய விதிகளின்படி அதே பரப்பில் மீண்டும் கட்ட அனுமதி கிடைக்காமலும் போகலாம். வீடு பாரம்பரியப் பட்டியலில் உள்ளதா என்பதையும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். பட்டியலிட்ட கட்டடத்தை அனுமதியின்றி இடிப்பது பல நாடுகளில் குற்றம்.

பாசத்தினால் காப்பவர்களும் தவறுகிறார்கள். அஸ்திவாரமே தொடர்ந்து இறங்கும் வீட்டை எந்தப் பயன்பாடும் தீர்மானிக்காமல் புதுப்பித்தால், அது மறுபடியும் பூட்டிக் கிடந்து பாழாகும். மறைந்துபோன வேலைப்பாடுகளைக் கற்பனையால் நிரப்புவதும் கூடாது; ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நிற்க வேண்டும் என்று, பழமையான கட்டடங்களைக் காப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமே சொல்கிறது. முழுதும் காப்பது, முழுதும் இடிப்பது என்ற இரண்டுக்கும் நடுவே, பிற்காலத்தில் ஒட்டவைத்த பகுதிகளை மட்டும் நீக்கி மூல வீட்டை வைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.

முடிவு தாமதமாகும் காலத்தில் வீட்டை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு முடிவாகவே ஆகிவிடும். கூரைமேல் தார்ப்பாயும், சரியும் இடத்தில் முட்டும், காற்றுப் போகச் சன்னல் திறப்பும் உடனே வேண்டும். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கினால் வேரோடு காரையும் பெயர்ந்து வருமாதலால், அதை வெட்டி, வேர் பட்டுப்போகச் செய்த பிறகே நீக்க வேண்டும். கடைசியில் இடிப்பதே சரி என்று தெளிந்தாலும், அளவு வரைபடமும் புகைப்படங்களும் எடுத்து, கதவு, தூண், தரைக்கல் ஆகியவற்றுக்கு எண்ணிட்டுக் கழற்றிய பின்னரே இயந்திரத்தை உள்ளே விடவேண்டும்.